எர்த்

ஏலத்தில் மூவாயிரத்து இருநூறு டாலருக்கு வந்தது.
பத்துச் சக்கரம், பட்டாளத்துப் பச்சை.
டீசல், மண்ணெண்ணெய், கழித்துப்போட்ட எண்ணெய்
எதைக் கொடுத்தாலும் குடிக்கும் என்றார்கள்.
குடித்தது.

பிட்டர் ஸ்பிரிங் தீயணைப்புச் சங்கத்தில் ஒன்பது பேர்.
யாருக்கும் சம்பளம் கிடையாது.
நான் தீவனக் கடைக்காரி; குறிப்பேடு என் பொறுப்பு.
வெல்டா ஹஸ்கெட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்;
ஸ்பானர் அவள் பொறுப்பு.

இந்த வண்டிக்கு வெளிச்சம் பிடிக்காது.
முகப்பு விளக்குக்கு மூன்று நெம்புகோல்:
முதலில் பூட்டைத் தூக்கிப் பிடி,
பிடித்தபடியே மற்றதைத் திருப்பு.
கை தவறிக்கூட ஒருவன் இருட்டில்
தன்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று
யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.
எங்களுக்கோ பத்து மைல் தள்ளியும் தெரிய வேண்டும்.

சிவப்பு அடித்தோம். மே மாதம் முழுக்க.
டீசல் டாங்கைக் கழற்றி, தேய்த்து,
மிக்கெல் ஓரோஸ் இரண்டு கோட் கொடுத்தான்;
தாங்கும் பட்டையின் உட்புறத்தைக்கூட விடாமல்
கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல.

ஆகஸ்டில் மழையில்லாத இடி.
ஜூனிப்பர் மேட்டில் பாதி ஏற்றம்;
வண்டி இருமியது, ஒருமுறை குலுங்கியது, நின்றது.
முதுகில் எண்ணூறு கேலன் தண்ணீர்.
சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு
நடந்தே உச்சிக்கு ஏறினோம்.
அந்தப் பக்கம் மிக்கெலின் தீவனப்புல்,
கட்டுக் கட்டாக அடுக்கிவைத்திருந்த குளிர்காலம்
எரிந்துகொண்டிருந்தது.
அவன் தொப்பியைக் கழற்றினான்,
திரும்பப் போட்டுக்கொண்டான்.

பிறகு மூன்று வாரம்.
ஃபில்டர்கள் மாற்றினோம். குழாயில் காற்று தேடினோம்.
டாங்குக்குள் இருக்கும் பம்ப் முனகவில்லை என்று
புதுப் பம்ப் வாங்கினோம், நூற்றெண்பது டாலர்.
அதுவும் முனகவில்லை.
இன்னொன்று வாங்கினோம்.
சோதனை விளக்கின் கவ்வியைச் சட்டத்தில் மாட்டி
பம்ப் ஒயரில் முனையை வைத்தால்
பளிச்சென்று எரிகிறது.
கரண்ட் வருகிறது. பம்ப் நல்ல பம்ப்.
ஓடவில்லை.
பிரச்சினையே இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்து
விரல் தோல் உரிந்தது.

ஒரு ஞாயிறு, படுத்தபடியே, சலிப்பில்,
வெல்டா கவ்வியைச் சட்டத்திலிருந்து எடுத்து
டாங்கின் மூடித் திருகில் மாட்டினாள்.
விளக்கு எரியவில்லை.
மறுபடி சட்டம்: எரிந்தது.
மறுபடி டாங்க்: இல்லை.
'போன கரண்ட் திரும்பி வர வழியில்லை,' என்றாள்
வண்டிக்கு அடியிலிருந்து,
யாரையோ எழுப்பிவிடக் கூடாத குரலில்.
'எர்த் இல்லை.'

ஒரு நாணய அகலம் சுரண்டினாள்.
சிவப்பு, அதன்கீழ் இன்னொரு சிவப்பு,
அதன்கீழ் மின்னுகிற இரும்பு.
பட்டையை முடுக்கினாள்.
சுவிட்சைத் தட்டினேன்.
பம்ப் முனகியது,
பெட்டிக்குள் அகப்பட்ட வண்டு மாதிரி.

குறிப்பேட்டில் காரணம் என்ற கட்டம் இருக்கிறது.
பேனாவைத் திறந்தேன்.
'தளர்ந்த இணைப்பு' என்று எழுதினேன்.
வெல்டா என் தோளுக்கு மேலாக வாசித்துவிட்டு
கை கழுவப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மிக்கெல் வந்தான்.
மீந்த பெயின்ட் டப்பா, முக்கால் அங்குலத் தூரிகை.
'டாங்குக்கிட்ட ஒரு இடம் சுரண்டிக் கிடக்கு,
துரு ஏறிடும்,' என்றான்.
மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப ஆரம்பித்தான்.

'அதை மட்டும் விட்டுடு, மிக்கெல்.'

'ஏன்?'

வெல்டா என்னைப் பார்த்தாள்.
நான் கம்ப்ரஸரைப் போட்டேன்.
காற்று நிரம்பும் வரை
அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது.
அறுபது பவுண்டு ஏற
நான்கு நிமிடம் ஆகும்.